அப்பாவுக்குத் தெரிந்த பதினோரு எழுத்துகள்

ஐ.சி.யூ.வில் அசையாமல் கிடக்கும் ஒருவரைப் பார்க்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். அவர் காதில் எல்லாம் விழுகிறது. நீங்கள் கால்மாட்டில் நின்று தணிந்த குரலில் பேசுவதும் விழுகிறது. நாற்பத்தொரு நாள் நான் அப்படிக் கிடந்து கேட்டிருக்கிறேன். இப்போது எழுந்து உட்கார்ந்துவிட்டேன். வலது கையின் இரண்டு விரல்கள் சொன்னபடி கேட்கின்றன. அந்த இரண்டு விரல்களால் செல்போனில் தட்டித் தட்டி எழுதுவதால், நாளுக்கு நாலு வரிக்கு மேல் ஓடவில்லை.

எனக்கு ஊர் திருச்செங்கோட்டுக்குப் பக்கம். அப்பா ரிக் வண்டி டிரைவர். போர்வெல் போடும் வண்டியை மகாராஷ்டிரா, மத்தியப் பிரதேசம் என்று ஓட்டிக்கொண்டு போனால் திரும்பி வர ஏழெட்டு மாதம் ஆகும். அம்மா தறிக்குப் போகிறாள். இரண்டு பேரும் பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. எங்கள் வீட்டில் முதலில் படித்தவன் நான்தான். இன்ஜினியரிங் முடித்துவிட்டு, சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு அலுவலகத்தில் கணினி வேலைக்குச் சேர்ந்தேன். அங்கே எல்லோரும் இங்கிலீஷில் சிரிப்பார்கள். நான் அரை நொடி தாமதமாகச் சிரிப்பேன். அதற்காகவே போனில் ஒரு சொல் விளையாட்டை இறக்கி வைத்துக்கொண்டேன். வட்டமாக ஏழு எழுத்து கொடுப்பார்கள். அவற்றை விரலால் கோத்து எத்தனை இங்கிலீஷ் வார்த்தை செய்ய முடியுமோ செய்ய வேண்டும். வார்த்தை சரியென்றால் மணி அடிக்கும். ஒரு நாள்கூட விடாமல் ஆடினால் எத்தனை நாள் தொடர்ச்சி என்று மேலே எண்ணிக்கை ஏறும். பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் அதுதான் எனக்கு டியூஷன்.

நோய் செருப்பில் ஆரம்பித்தது. அதற்கு இரண்டு வாரத்துக்கு முன்னால் எனக்கு நான்கு நாள் வயிற்றுப்போக்கு இருந்து சரியாகிவிட்டது. அதை மறந்தும் போனேன். ஒரு காலையில் அலுவலக மாடிப்படி ஏறிப் போய் நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான், இடது கால் செருப்பு இல்லாததைப் பார்த்தேன். அது படியிலேயே கழன்று கிடந்தது. கழன்றது தெரியவில்லை. பாதம் மரத்து, எறும்பு ஊர்வதுபோல இருந்தது. மறுநாள் திருச்செங்கோட்டில் பஸ் நின்றபோது சீட்டை விட்டு எழ முடியவில்லை. கண்டக்டர் என்னைப் பார்த்துவிட்டு, "என்னங்க தம்பி, காலையிலேயே போட்டுட்டீங்களா?" என்றார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எழ முடியவில்லை என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

சேலத்தில் சேர்த்தார்கள். முதுகெலும்பில் ஊசி போட்டு, மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றியிருக்கும் நீரைக் கொஞ்சம் எடுத்தார்கள். கையிலும் காலிலும் லேசாகக் கரண்ட் வைத்து, நரம்பு எவ்வளவு வேகமாகக் கடத்துகிறது என்று பார்த்தார்கள். டாக்டர் அப்பாவை உட்காரவைத்துச் சொன்னார்: "ஜி.பி.எஸ்.னு ஒரு வியாதி. வயித்துக்குள்ள வந்த கிருமியை அடிக்கறேன்னு, உடம்போட எதிர்ப்பு சக்தி சொந்த நரம்பையே அடிச்சிருச்சு. நரம்பு மேல ஒரு உறை இருக்கும், அது உரிஞ்சு போச்சு."

"ஒயர் மேல இருக்கற ரப்பர் போயிருச்சுங்களா?" என்றார் அப்பா.

"அதேதான்."

"உள்ள கம்பி நல்லா இருக்குதுங்களா?"

டாக்டர் அப்பாவை ஒரு கணம் கூடுதலாகப் பார்த்தார். "கம்பி இருக்குங்க. ரப்பர் மறுபடி வளரும். ஆனா மெதுவாத்தான் வளரும். அது வளர்ற வரைக்கும் பையனை நாம காப்பாத்தி வெச்சிருக்கணும்."

அந்தக் கடைசி வாக்கியம்தான் முழு வைத்தியமும் என்று எனக்குப் பிறகு புரிந்தது. ஐந்து நாள் ரத்த நாளத்தில் ஒரு மருந்து ஏற்றினார்கள். அதன் விலை என்னவென்று என் தலைமாட்டில் யாரும் பேசியதில்லை. ரிக் வேலையில் ஓய்வே எடுக்காத அப்பா எந்த முதலாளியிடம் போய் நின்றார் என்று நானும் இன்றுவரை கேட்கவில்லை.

தினமும் டாக்டர் ஒரே மூச்சில் எண்ணச் சொல்வார். மூச்சுத் தசைக்கு எவ்வளவு பலம் இருக்கிறது என்று பார்க்க அதுவே எளிய வழியாம். முதல் நாள் இருபத்தெட்டு வரை போனேன். அடுத்த நாள் பதினாறு. அதற்கடுத்த நாள் "ஏழு" என்றதும் மூச்சு நின்றுபோனது. அன்றே தொண்டை வழியாகக் குழாய் இறக்கி, சுவாச இயந்திரத்தில் போட்டார்கள். பத்து நாள் கழித்து அதை எடுத்துவிட்டுக் கழுத்தில் துளை போட்டு, அதில் குழாய் வைத்தார்கள். காற்று குரல்வளைக்கு வராமலே உள்ளே போய் வந்தது. அதனால் குரல் இல்லை. கை இல்லை, கால் இல்லை. முகம்கூடப் பிளாஸ்டிக் பொம்மை மாதிரி ஆகிவிட்டதாக அம்மா சொன்னாள். விழி மட்டும் உருண்டது. இமை மெதுவாக மூடித் திறந்தது. ஆனால் தலைக்குள் எல்லாம் தெளிவாக இருந்தது. வலியும் முழுசாகத் தெரிந்தது.

என் இடது காது மடங்கித் தலைக்கும் தலையணைக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட நாளை மறக்க மாட்டேன். ஆறு மணி நேரம் அப்படியே இருந்தது. காதைக் கழற்றி வைத்துவிடலாம் போல இருந்தது. சுற்றி எல்லோரும் நடமாடுகிறார்கள், திரையைப் பார்க்கிறார்கள், எழுதுகிறார்கள். காதை மட்டும் யாரும் பார்க்கவில்லை.

அதற்கு ஒரு வழி செய்தவர் ஜின்சி சிஸ்டர். கேரளாவிலிருந்து வந்தவர். தமிழ் நன்றாகப் பேசுவார், படிக்கத் தெரியாது. முதலில் ஒரு முறையைச் சொல்லிக் கொடுத்தார்: கண்ணை ஒரு தடவை மூடினால் ஆமாம், இரண்டு தடவை மூடினால் இல்லை. பிறகு கேஸ் ஷீட் அட்டையின் பின்பக்கத்தில், இங்கிலீஷ் எழுத்து இருபத்தாறையும் ஐந்து வரிசையாக மார்க்கரால் எழுதிக்கொண்டு வந்தார். விரலை வரிசை வரிசையாக நகர்த்துவார். சரியான வரிசை வந்ததும் நான் கண்ணை ஒரு தடவை மூட வேண்டும். பிறகு அந்த வரிசைக்குள் எழுத்தெழுத்தாக நகர்த்துவார்.

"தமிழ்ல எழுதினா இருநூத்துச் சொச்சம் எழுத்தாமே. உனக்கு வயசாயிரும் தம்பி," என்றார்.

நான் முதலில் சொன்ன வார்த்தை EAR. சிஸ்டர் என் தலையைத் தூக்கிக் காதை எடுத்துவிட்டு, அதைத் தேய்த்தபடி, "ஐயோ, இதுக்காடா இவ்வளவு நேரம் முறைச்சே?" என்றார். நான் இங்கிலீஷில் பேசி ஒரு ஆள் உடனே புரிந்துகொண்டது அதுதான் முதல் தடவை.

ஒரு எழுத்துக்கு அரை நிமிடம் ஆகும். ஐந்தெழுத்துக்கு மேல் போனால் இமை சோர்ந்துவிடும். அதனால் சொல்ல வேண்டியதைச் சின்ன வார்த்தையாகத் தேட வேண்டும். PILLOW வேண்டாம், NECK போதும். யோசித்தால் அது போனில் ஆடிய அதே விளையாட்டுதான்.

போனை அம்மா வைத்திருந்தாள். பார்வையாளர் நேரம் காலை பதினொன்றுக்கும் மாலை ஐந்துக்கும் அரை அரை மணி. ஒருவருக்கு மட்டும் அனுமதி. ஒரு நாள் அம்மா போனை என் கண்ணுக்கு நேரே பிடித்தாள்.

"சாமி, நீ தெனமும் ஆடுவியே, இதை உடாம நான் ஆடிட்டு இருக்கறேன். மேல நெருப்பு படம் போட்டு ஒரு நம்பர் இருக்குதல்லோ, அது அணைஞ்சு போனா உனக்கு மனசு சங்கடப்படும்னு."

அம்மாவுக்கு ஒரு எழுத்தும் தெரியாது. வட்டத்தில் இருக்கும் ஏழு எழுத்தின் மேலும் விரலை இப்படியும் அப்படியும் இழுத்துக்கொண்டே இருப்பாளாம். எப்போதாவது மணி அடிக்குமாம். அடித்துவிட்டால் அன்றைய கணக்குத் தீர்ந்தது. "ஒரு நாளு மத்தியானம் வரைக்கும் இழுத்தேன், மணியே அடிக்கல. அழுகையே வந்திருச்சு போ," என்று சொல்லிச் சிரித்தாள். சிரிக்க முடியாத முகத்தோடு நான் கண்ணை ஒரு தடவை மூடினேன்.

அப்பா அந்த அட்டையை முதலில் பார்த்த நாளில் இன்னொரு சங்கதி நடந்தது. அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏனுங்க சிஸ்டர், இதுல பாதி எழுத்து எனக்குத் தெரியுமுங்க," என்றார்.

"அப்படியா? நீங்க படிச்சிருக்கீங்களா?"

"எங்கீங்க படிச்சேன். இந்தா, இந்த ரெண்டும் நம்ம தமிழ்நாடு. இது கர்நாடகா. இது ஆந்திரா, இதோட இதைச் சேர்த்தா மத்தியப் பிரதேசம். எல்லாம் வண்டி நம்பர் பிளேட்டுல பார்த்து, போலீஸ்காரங்க வாசிக்கறதைக் கேட்டுப் பழகுனதுதானுங்க. செக்போஸ்ட்டுல வரிசையில நிக்கையில வேற என்ன வேலை?"

"இது தெரியுமா?" சிஸ்டர் K-யையும் L-ஐயும் காட்டினார்.

"முன்னது தெரியுது. அடுத்தது தெரியலீங்க."

"அது எங்க ஊர்!"

"உங்க ஊருக்கு நம்ம வண்டி போனதே இல்லீங்க சிஸ்டர். கூப்பிட்டாத்தானே வரலாம்," என்றார் அப்பா. சிஸ்டர் சிரித்த சத்தத்துக்கு அடுத்த கட்டிலின் அட்டெண்டர் திரும்பிப் பார்த்தார்.

நான் மனதுக்குள் எண்ணினேன். தமிழ்நாடு TN, கர்நாடகா KA, ஆந்திரா AP, மகாராஷ்டிரா MH, மத்தியப் பிரதேசம் MP, சத்தீஸ்கர் CG, குஜராத் GJ, ராஜஸ்தான் RJ. அப்பா வண்டி போனது இவ்வளவுதான். முதல் இரண்டு எழுத்துக்குப் பிறகு அவர் எண்ணை மட்டும்தான் பார்ப்பார். திரும்ப வந்ததைக் கழித்தால் பதினோரு எழுத்து: A, C, G, H, J, K, M, N, P, R, T.

தூக்கம் வராத நேரமெல்லாம் எனக்கு அது ஆட்டமாகிவிட்டது. அப்பாவின் எழுத்துகளை மட்டும் வைத்து எத்தனை வார்த்தை? உயிரெழுத்தில் A ஒன்றுதான் இருந்தது. அதனால் கஷ்டம். ஆனாலும் MAP வந்தது. PATH, TANK, MARCH, CHART, THANK வந்தன. MATCH வந்த நாளில் ஏதோ பரிசு வாங்கியதுபோல இருந்தது. எத்தனை வந்தன என்று மறந்துபோய், முதலிலிருந்து ஆரம்பிப்பேன். என் உடம்பும் அப்படித்தான் இருந்தது. இருப்பது கொஞ்சம். அதற்குள்ளேயே சுற்றிச் சுற்றி வர வேண்டும்.

மூன்றாவது வாரம் நுரையீரலில் சளி கட்டிக் காய்ச்சல் வந்தது. ஜின்சி சிஸ்டர் நான்கு நாள் விடுப்பில் ஊருக்குப் போனார். அம்மாவுக்குச் சளி பிடித்ததால் உள்ளே விடவில்லை. அப்போது மாமா வந்தார். அம்மாவின் அண்ணன். எங்கள் வீட்டில் நல்லது கெட்டது எதுவானாலும் அவர் சொல்வதுதான் முடிவு. அவர் என் கால்மாட்டில் நின்றபடி, கண்ணாடிக் கதவுக்கு வெளியே இருந்த அப்பாவுக்குச் சொன்னது எனக்குக் கேட்டது.

"மாப்ள, பையன் மூஞ்சியில உசுரே இல்லீங்க. கழுத்துல ஓட்டை போட்டாச்சு, இன்னும் எங்கெங்க போடப் போறாங்களோ. அவஸ்தைப்பட்டு இங்கேயே போனா, ஊட்டுக்குள்ள கொண்டுபோக முடியாது, தெரியுமல்லோ? மூச்சு இருக்கையிலேயே ஊடு சேர்த்திரலாம். கையால காத்து அமுக்கிட்டு வர ஆம்புலன்ஸ் இருக்குது."

அதற்கு அப்பா சொன்னதை நான் இன்றும் பெரிதாக நினைக்கிறேன். "அவனைக் கேக்காம நான் ஒண்ணும் பண்ண மாட்டனுங்க மச்சான்."

மறுநாள் காலை பதினொரு மணிக்கு அப்பா உள்ளே வந்தார். குளித்து, டீசல் வாசம் இல்லாத சட்டை போட்டிருந்தார். என் நெற்றியில் கை வைத்தார்.

"சாமி, அப்பன் கேக்கறேன். ஊட்டுக்குப் போலாமா?"

நான் கண்ணை மூடித் திறந்தேன். மறுபடி மூடித் திறந்தேன். இரண்டு தடவை. இல்லை.

அப்பாவின் முகம் உடைந்தது. தலையை ஆட்டிக்கொண்டே, கட்டிலின் கம்பியில் உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டினார்.

"சரி சாமி. போலாம்."

அந்தத் தட்டைக் கேட்டதும் எனக்குப் புரிந்துவிட்டது. லாரி ஓட்டுகிற வீட்டில் பிறந்தவன் நான். வண்டியைப் பின்னால் எடுக்கும்போது கிளீனர் பாடியில் ஒரு தட்டுத் தட்டினால் நிறுத்து என்று அர்த்தம். இரண்டு தட்டினால் போலாம். விடுமுறையில் அப்பாவின் வண்டிக்குப் பின்னால் நின்று நானே தட்டியிருக்கிறேன். ரிக்கில் கம்ப்ரஸர் ஓடுகிறபோது ஒருவர் பேச்சு ஒருவருக்குக் கேட்காது. இந்த ஒன்றும் இரண்டும்தான் அங்கே பேச்சு. சிஸ்டர் ஆமாம், இல்லை என்று சொல்லிக்கொடுத்த அன்று உள்ளே இருந்தது அம்மா. அப்பாவிடம் யாரும் தனியாகச் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றியிருக்காது.

நான் பதறிப்போய் மறுபடி இரண்டு தடவை மூடினேன்.

"சரி சாமி, சரி. தெரியுது. சாயங்காலமே போலாம்."

இன்னும் இரண்டு தடவை.

"அவசரப்படாத சாமி. வண்டி சொல்லிட்டு வாரேன்."

வேண்டாம் வேண்டாம் என்று நான் கத்துவதெல்லாம் சீக்கிரம் சீக்கிரம் என்று அவருக்குப் போய்ச் சேர்ந்தது. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே போனார். கண்ணாடிக் கதவு தானாக மூடிக்கொண்டது.

டியூட்டியில் இருந்த சிஸ்டர் எனக்குப் புதியவர். பக்கத்துக் கட்டிலுக்கு அப்போதுதான் விபத்தில் அடிபட்ட ஒருவரைக் கொண்டு வந்திருந்தார்கள். நான் அட்டையையே பார்த்தேன். அது கட்டில் கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது. கண் கலங்கிச் சிவந்திருப்பதைப் பார்த்த சிஸ்டர், "கண்ணு காஞ்சு போச்சுங்களா தம்பி?" என்று கேட்டுச் சொட்டு மருந்து விட்டார். எங்களைப் போன்றவர்களுக்குத் தூக்கத்தில் இமை முழுசாக மூடாது, விழி காய்ந்து புண்ணாகும். அதனால் களிம்பு தடவிப் பஞ்சு வைத்து ஒட்டிவிடுவார்கள். அவரும் அப்படியே ஒட்டினார். அவர் வேலையை அவர் சரியாகத்தான் செய்தார்.

எனக்கு இருட்டானது. இருந்த ஒரே வாயும் அடைபட்டது.

ஐந்து மணிக்கு அப்பா வருவார். பஞ்சை எடுத்தால் ஒரு வாய்ப்பு இருக்கிறது. ஒரு தடவை மட்டும் கண்ணை மூடிக் காட்டலாமா? அவர் கணக்கில் அது நிறுத்து. ஆனால் அவர் இனி கேள்வி கேட்க மாட்டார். கேள்வி கேட்காதபோது ஒரு தடவை கண் மூடுவது பேச்சு ஆகாது. எல்லோரும் செய்கிற இமைப்புதான் அது. அட்டைதான் வழி. அப்பாவுக்குத் தெரிந்த எழுத்தில் ஒரு வார்த்தை வேண்டும். அவருக்கு அது புரிய வேண்டாம். எந்த ஊரில் பார்த்த வண்டி நம்பரையும் பல வருஷம் கழித்துச் சொல்கிறவர் அவர். நான்கு எழுத்தைத் தூக்கிக்கொண்டு போய் யாரிடமாவது ஒப்பித்தால் போதும்.

தேட ஆரம்பித்தேன். NO என்று சொல்லலாம் என்றால் O இல்லை, அவர் ஒடிசாவுக்குப் போனதில்லை. STAY என்றால் S-உம் Y-உம் இல்லை. STOP-இல் பாதி இல்லை. WAIT இல்லை. HELP இல்லை. HEAR என்பதற்கு ஒரே ஒரு E குறைந்தது. அந்த ஒரு E-க்காக நான் எவ்வளவு ஏங்கினேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். LIVE என்ற வார்த்தையை எடுத்துப் பார்த்தேன். நான்கு எழுத்தில் ஒன்றுகூட அப்பாவிடம் இல்லை.

TRAP முழுசாக இருந்தது. T, R, A, P. என் நிலைமைக்கு அதைவிடப் பொருத்தமான வார்த்தை இல்லை. ஆனால் பொறியில் மாட்டியிருக்கிறேன் என்றால், என்னை வெளியே எடு என்று ஆகிவிடும். HARM இருந்தது. எதனால் தீங்கு, வீட்டாலா, ஆஸ்பத்திரியாலா? மாமா அதற்கும் ஒரு அர்த்தம் சொல்வார். CAMP, MARK, CHAT. ஆட்டத்தில் கிடைத்தபோது இனித்த வார்த்தைகள் எல்லாம் இப்போது கைக்கு உதவாத சாமான்களாக வந்து வந்து விழுந்தன. இயந்திரம் நிமிடத்துக்கு இத்தனை என்று மூச்சை உள்ளே தள்ளிக்கொண்டே இருந்தது. பயத்தில் வேகமாக மூச்சு விடக்கூட எனக்கு உரிமை இல்லை.

CAN என்று வந்தது. முடியும். அதை விட்டுவிட்டு வேறு பக்கம் போனேன். பிறகு திரும்பி வந்தேன். அதன் வாலில் ஒரு T.

CANT. முடியாது. N-க்கும் T-க்கும் நடுவில் மேலே போடுகிற கமா இல்லை, பரவாயில்லை.

அதைப் பிடித்துக்கொண்டு கிடந்தேன். மறந்துவிடுவேனோ என்று நூறு தடவை சொன்னேன்.

பஞ்சை எடுத்தபோது வெளிச்சம் குத்தியது. அப்பா ஏற்கனவே நின்றுகொண்டிருந்தார். மாமா கண்ணாடிக்கு வெளியே, கையில் காகிதங்களோடு. அம்மா மத்தியானமே ஊருக்குப் போய் வீட்டைக் கழுவிவிட்டு, முன்னறையில் எனக்கு இடம் ஒழித்து வைத்துக் காத்திருந்ததாகப் பிறகு சொன்னாள். அதைச் சொல்லும்போது அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"போலாம் சாமி. வண்டி கீழ நிக்குது," என்றார் அப்பா.

நான் அவரைப் பார்க்காமல் அட்டையைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். மறுபடி அட்டையைப் பார்த்தேன். கம்ப்ரஸர் இரைச்சலில் முப்பது வருஷம் கண்ணைப் பார்த்தே வேலை வாங்கியவர். என் பார்வை போன கோட்டிலேயே அவர் கையும் போனது.

"இதுவா? என்ன சாமி, சொல்றக்கு என்ன இருக்குது?"

அவர் வரிசை வரிசையாகப் போகவில்லை. தெரிந்ததை மட்டும் தொட்டார். "தமிழ்நாடா? இல்லியா? கர்நாடகா? ஆந்திரா? மராட்டியா?" விரல் சத்தீஸ்கரின் முதல் எழுத்துக்கு வந்ததும் ஒரு தடவை மூடினேன். விரல் நின்றது. ஒன்று என்றால் அவருக்கு நிறுத்து. இந்த ஒரு இடத்தில் இரண்டு பேர் கணக்கும் ஒன்றாக இருந்தது.

"சத்தீஸ்கர் முன்னெழுத்து," என்று முணுமுணுத்தார். அடுத்தது, "ஆந்திரா முன்னெழுத்து." அதற்கடுத்து, "தமிழ்நாடு பின்னெழுத்து." கடைசியாக, "தமிழ்நாடு முன்னெழுத்து." இமை பாரமாகி இருந்தது. நான்காவது எழுத்துக்கு அது மூடியபின் திறக்கவே இல்லை. காதால் மட்டும் கேட்டேன்.

மாமா கதவைத் திறந்து, "நேரமாகுது மாப்ள," என்றார்.

"இருங்க மச்சான். பையன் ஏதோ நம்பர் சொல்றான்." காலடிச் சத்தம் மேசைப் பக்கம் போனது. "ஏனுங்க சிஸ்டர், சி, ஏ, என், டி. இது எந்த ஸ்டேட்டுங்க?"

"என்னது?"

"சி, ஏ, என், டி."

"அது ஸ்டேட் இல்லீங்க. காண்ட். முடியாதுன்னு அர்த்தம். யார் சொன்னது?"

"என்ற பையன்."

"என்ன முடியாதாம்?"

அப்பா, "ஊட்டுக்குப் போலாமான்னு காத்தால கேட்டேன். ரெண்டு தடவை கண்ணை மூடினான். ரெண்டுன்னா போலாம்தானுங்களே?" என்றார்.

நாற்காலி பின்னால் நகர்ந்த சத்தம் கேட்டது. சிஸ்டர் என்னிடம் வந்து, இமையை விரலால் தூக்கினார். கட்டிலின் தலைமாட்டில் ஜின்சி சிஸ்டர் ஒட்டியிருந்த சீட்டைப் படித்தார். "ஒண்ணுன்னா ஆமா, ரெண்டுன்னா இல்லைங்க. இங்க எழுதியே இருக்குது பாருங்க," என்றார் அப்பாவிடம். இங்கிலீஷில் எழுதியிருந்தது. அப்பா அதையும் பார்த்தார்.

"ரெண்டுன்னா இல்லியா?" அவர் குரல் எனக்கு மட்டும் கேட்கிற அளவுக்கு இறங்கிவிட்டது. "அப்ப நீ காத்தால இருந்து இல்லை இல்லைன்னா சொல்லிட்டு இருந்தே?"

ஒரு தடவை மூடினேன்.

மாமா வெளியே எதையோ சொல்லிச் சத்தம் போட்டார். ஆம்புலன்ஸ்காரன் காத்திருக்கிறான், சொந்தக்காரர்களுக்குச் சொல்லியாகிவிட்டது, நாலு பேர் என்ன நினைப்பார்கள். அப்பா கதவுவரை போய், "வண்டியைத் திருப்பி அனுப்பிருங்க மச்சான். நான் கேட்டேன், அவன் சொல்லிட்டான்," என்றார். பிறகு கட்டிலுக்குக் கீழே உட்கார்ந்துவிட்டார். அரை மணி முடிந்த பிறகும் அந்தச் சிஸ்டர் அவரை எழுப்பவில்லை.

காய்ச்சல் ஒன்பது நாளில் இறங்கியது. டாக்டர் சொன்னபடி ரப்பர் மெதுவாக வளர்ந்தது. முதலில் தோள், பிறகு முகம், பிறகு மூச்சு. இயந்திரத்தை ஒரு மணி நேரம் நிறுத்தி, இரண்டு மணி நேரம் நிறுத்திப் பழக்கினார்கள். கழுத்துக் குழாயை எடுத்து, துளையை விரலால் மூடிப் பேசச் சொன்னபோது, தகரம் உரசுவதுபோல ஒரு சத்தம் வந்தது. "அம்மா போன்" என்றேன். தொடர்ச்சி ஒரு நாளும் விடுபடவில்லை. என்னை வீட்டுக்குக் கொண்டுவரப் போகிறார்கள் என்று அறையைக் கழுவிய அன்றைக்கும் அம்மா மணி அடிக்கும் வரை இழுத்திருக்கிறாள். அந்த நாளின் வார்த்தை என்ன என்று தேடிப் பார்த்தேன். ANT. எறும்பு.

வார்டுக்கு மாறி, உடற்பயிற்சி, அதன் பிறகு வீடு. கிளம்பும் நாளில் அப்பா முதலாளியின் காரைக் கேட்டு வாங்கி வந்தார். ஜின்சி சிஸ்டர் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்து, என்னைப் பின் சீட்டில் சாய்த்து உட்காரவைத்து, அட்டையை மடியில் வைத்தார். L-ஐச் சுற்றி மார்க்கரால் ஒரு வட்டம் போட்டிருந்தார். அம்மா பக்கத்தில் ஏறிக் கதவைச் சாத்தினாள்.

அப்பா சாவியைத் திருகினார். வண்டி உறுமியது. ஆனால் நகரவில்லை. கண்ணாடியில் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எடுங்க, வெயிலாகுது," என்றாள் அம்மா.

"அவன் சொல்லட்டும்."

எனக்கு அப்போது வாய் வந்துவிட்டது, சொல்லியிருக்கலாம். நான் வலது கையைத் தொடையிலிருந்து இழுத்து, திறந்திருந்த ஜன்னல் வழியே கதவின் மேல் போட்டேன். உள்ளங்கை தகரத்தில் ஒரு தடவை விழுந்தது. அதோடு கை சரிந்துவிட்டது. அம்மா தூக்கிவிடக் கையை நீட்டினாள். அப்பா கண்ணாடியிலேயே வேண்டாம் என்று தலையாட்டினார்.

இரண்டாவது தட்டு விழ நேரமானது. அதுவரை அப்பா வண்டியை எடுக்கவில்லை.